நாலடி முகம்

"போட்டாவக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடுங்க" என்று எவராவது லேசாகச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். என்னமோ தோசைக்கல்லில் மாவை இழுத்து விடுகிற காரியம் என்று நினைப்பு. ஒரே ஒரு படத்தைப் பெரிசு பண்ண நானும் என் மனைவியும் ஒரு பங்குனி முழுக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பங்குனியை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பட்ட பாடு இல்லை. இருட்டறைச் சுவரில் வெயில் கொண்டுவந்து விரித்த ஒரு முகம்தான் வருகிறது. அது வந்து நின்றதும் என் கோபம் எங்கோ போய்விடுகிறது.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது. ஆனாலும் கடைகளில் எதைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அரியலூரில் ரயிலடிக்குப் போகிற தெருவில் எங்கள் ஸ்டுடியோ. முன்னறையில் ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு பூஞ்சாடி. பின்கட்டில் எங்கள் குடித்தனம். கல்யாண ஜோடிகள் வந்து, மூச்சை அடக்கி உட்கார்ந்து, சின்னப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பெரிய படம் கேட்டு வருகிறவர்கள் வேறு. வீட்டில் யாராவது தவறிப்போயிருப்பார்கள். பழைய படம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, காரியத்துக்குள் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டுத் தரச் சொல்வார்கள். நான் அதைத் திருச்சிக்கு அனுப்பி வாங்கிக் கொடுப்பேன். எனக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. எங்கள் தெருவுக்கு மின்சாரமே வரவில்லை.

அந்த வருஷம் பெரம்பலூர் சந்தைத் திடலில் விவசாயப் பொருட்காட்சி வைத்தார்கள். மாடுகளுக்கு ஒரு கொட்டகை, விதைகளுக்கு ஒரு கொட்டகை, போட்டோக்களுக்கும் ஒரு கொட்டகை. சுற்றுவட்டாரத்தில் காமிரா வைத்திருந்த எல்லோரையும் தேடிப்போய்க் கேட்டார்கள். என்னிடம் வந்தவர் கொஞ்சம் வாய்க்காரர். "சின்னச் சின்னதாக் கொண்டாந்து மாட்டாதீங்க சார். எருமையப் பாத்துட்டு வர்றவன் குனிஞ்சு நின்னு போட்டா பாக்க மாட்டான்," என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "வாசல்ல நின்னாத் தெரியிற மாதிரிப் போடறேன், போங்க," என்று அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அது எப்படி என்ற யோசனையே வந்தது.

எந்தப் படம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. தை மாதம் எங்கள் களத்தில் சோளம் தூற்றும்போது என் மனைவியை அவளுக்குத் தெரியாமல் எடுத்த படம். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறாள். காற்று திசை மாறி, தூசி மொத்தமும் அவள் மேலேயே திரும்பிவிட்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தக் காலத்தில் படத்தில் சிரிக்கிற பொம்பளை எங்கே இருந்தாள்? காமிராவைக் கண்டால் எல்லோருக்கும் சாமி வந்த மாதிரி முகம் இறுகிப்போகும்.

அவளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "பெரம்பலூர் சந்தையிலன்னா வேப்பந்தட்டை ஆளுங்க எல்லாம் வருவாங்கல்ல?" என்று கேட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வேப்பந்தட்டையில் அவளுக்கு ஒரே அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர். எங்கள் மகளுக்குக் காது குத்தின அன்றைக்குத்தான் வம்பு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அன்றைக்கென்று மருதையாற்றில் வெள்ளம். மச்சான் வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று என் அப்பா குதித்தார். தூரத்து உறவில் மாமன் முறையாகிற ஒருவரை மணையில் உட்கார வைத்துக் காதைக் குத்தி முடித்தார். சற்று நேரத்தில் மச்சான் தொப்பலாக நனைந்து, சீர்த்தட்டோடு வந்து நின்றார். மணையில் வேறு ஆள். என் அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையைப் பார்த்து, "இன்னொருத்தன உக்கார வைக்கிறப்ப நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன. இனிமே உம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்றார். தட்டைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கோபத்தில் சொன்னது, ஆறிவிடும் என்றுதான் இருந்தோம். அந்த மனிதர் சொன்னதைச் செய்தார். பொங்கல் சீர் நின்றது. என் அப்பா இறந்தபோது மட்டும் வந்தார். எந்தப் பகையானாலும் எங்கள் பக்கத்தில் சாவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். ஆண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பொம்பளைகள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அன்றைக்கு அவள் அழுததில் மாமனாருக்காக எவ்வளவு, அண்ணனுக்காக எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதான அண்ணன் சொன்னாரு," என்றாள் இப்போது. "போட்டாவுல பாத்தா அது சத்தியத்துல சேராதுல்லங்க?"

"சேராது," என்றேன்.

"அப்பப் பெரிசாப் போடுங்க. ஒதுங்கிப் போறவரு கண்ணுலயும் படட்டும்."

அதற்கப்புறம் அது பொருட்காட்சிப் படமாக இல்லை. ஒரு ஆளுக்காகப் போடுகிற படமாகிவிட்டது.

திருச்சிக் கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, யுத்தத்துக்கு முந்தைய சரக்கென்று ஒரு காகிதச் சுருளைக் கொண்டுவந்தார். வெட்டினால் பெரிய படம் இரண்டு வரும், சோதனை பார்க்க ஓரத்தில் சில துண்டுகள் மிஞ்சும். இன்னொரு சுருள் கேட்டேன். சிரித்தார். பின்கட்டில் பருத்தி போட்டு வைத்திருந்த அறை ஒன்று இருந்தது. அதற்கு ஜன்னல் கிடையாது. அதன் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, அந்தத் துவாரத்தில் காமிராவை உள்பக்கம் பார்த்த மாதிரி பொருத்தினேன். வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அது வெயிலை வாங்கித் துவாரத்துக்குள் அனுப்பும். வெயில் நெகட்டிவ் வழியாகப் புகுந்து, லென்ஸைத் தாண்டி, எதிர்ச்சுவரில் போய்ப் பெரிசாக விழும். வெயில்தான் எங்கள் விளக்கு. சூரியன் நகர நகர யாராவது வெளியே நின்று கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் நின்றாள்.

முதல் தடவை கதவை அடைத்துக்கொண்டு அந்த இருட்டில் நின்றதை எப்படிச் சொல்வது? முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெளிச்சக் கம்பம் அறையைக் குறுக்கே கடந்தது. எத்தனை பெருக்கியும் போகாத பருத்திப் பஞ்சு அதில் ஏறி இறங்கி மிதந்தது. எதிர்ச்சுவரில் என் மனைவி தலைகீழாகச் சிரித்தாள். கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக, கூந்தல் பளீரென்று, பல் எல்லாம் இருட்டாக. நெகட்டிவைத் திருப்பி வைத்ததும் நேராக நின்றாள். நாலடி உயரத்துக்கு அவள். சுவருக்கு அந்தப்புறம் நிஜமானவள் வெயிலில் நின்று கண்ணாடியைப் பிடித்திருக்கிறாள். அவள் கை கொஞ்சம் அசந்தால் இங்கே இவள் கன்னத்தில் நிழல் ஏறியது. "இடப்பக்கம் திருப்பு புள்ள," என்று கத்துவேன். கன்னம் வெளுக்கும். எது என் மனைவி, எது அவள் நிழல் என்று கொஞ்ச நேரம் எனக்குக் குழம்பியே போனது. கண்ணை மூடினாலும் அவள்தான் தெரிந்தாள்.

துண்டுகளை ஒட்டிச் சோதனை பார்த்தோம். நன்றாகவே வந்தது. அந்தத் தெம்பில் ஒரு உச்சிவெயிலில் முதல் முழுக் காகிதத்தைச் சுவரில் ஏற்றினேன். வெளிச்சம் காட்டியாயிற்று. அவ்வளவு பெரிய காகிதத்தை மருந்தில் போட எந்தத் தட்டு இருக்கிறது? தச்சரிடம் நீளமாக ஒரு பலகைத் தொட்டி செய்யச் சொல்லி, உள்ளே தேன்மெழுகு உருக்கிப் பூசி வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, சேலை அலசுவது மாதிரி, காகிதத்தை மருந்துக்குள் இப்படியும் அப்படியும் ஓட்ட வேண்டும். சிவப்புத் துணி கட்டின லாந்தர் வெளிச்சத்தில் படம் அழகாக எழுந்து வந்தது. படம் கலையாமல் நிற்க ஹைப்போ மருந்திலும் போட்டு எடுத்துவிட்டோம். கடைசிக் கழுவலில்தான் போயிற்று. பங்குனி வெயிலில் தண்ணீர் சூடேறிக் கிடந்தது; எனக்கு அது உறைக்கவில்லை. காகிதத்தின் மேல்தோல் பால் ஏடு மாதிரி கழன்றது. சிரித்த வாய் அப்படியே நழுவி, மடிந்து, தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது.

நான் தொட்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன். மெழுகு பெயர்ந்ததும் கால் கட்டை விரல் வீங்கியதும்தான் மிச்சம்.

"தண்ணிய ஒதைச்சா ஆறிடுமா?" என்றாள். கேலிதான். ஆனால் கையில் ஒட்டியிருந்த அந்த ஈரத்தோலை அவள் உதறாமல் வைத்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் ஒண்ணுதான இருக்கு?" என்று பிறகு கேட்டாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

இரண்டாவது காகிதத்துக்கு அவசரப்படவில்லை. நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி வந்தேன். அதைக் கரைத்த தண்ணீரில் முக்கினால் தோல் இறுகும். புதுப் பானைகளை ஈர மணலில் புதைத்து, முந்தின சாயங்காலமே தண்ணீர் ஊற்றி வைத்தோம். பஞ்சு பறக்காமல் இருக்க அறையைச் சுற்றி நனைத்த சேலைகளைத் தொங்கவிட்டாள். காலை வெயில் ஏறியதும் ஆரம்பித்தோம். சிவப்பு வெளிச்சம் காகிதத்தில் பதியாது என்பதால் லென்ஸுக்குச் சிவப்பு மூடி போட்டுக் காகிதத்தில் முகத்தைப் பொருத்தினேன். ஈரச் சேலைகளுக்கு நடுவே அந்தச் சிவந்த முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. மூடியை எடுத்தேன். பாதியில் ஒரு மேகம் வந்தது. சுவர் மங்கியது, அறையே மங்கியது.

"மேகங்க," என்றாள் வெளியிலிருந்து.

"தெரியுது. கைய எடுக்காத," என்று சொல்லிவிட்டு மூடியைப் போட்டேன்.

அந்தக் காத்திருப்பு எத்தனை நேரமோ. வெளியே அவள் வளையல் சத்தம் கேட்டது. எங்கோ கூட்ஸ் வண்டி கூவிக்கொண்டு போயிற்று. பாதி பதிந்த அவள் முகம் கண்ணுக்குத் தெரியாமல் காகிதத்துக்குள் காத்திருந்தது. நானும் அவளும் அவளுமாக மூன்று பேர் ஒரு மேகம் போவதற்காக நின்றோம். என் ஆயுளில் அவ்வளவு நிம்மதியாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை. வெயில் திரும்ப வந்தது. மிச்ச நேரத்தையும் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

தொட்டியின் அந்த முனையை அவள் பிடித்துக்கொண்டாள். முதலில் தூசி வந்தது, பிறகு முறத்தின் விளிம்பு, பிறகு புருவம். வாய் வர நேரமாயிற்று. அவளுக்கு அது தலைகீழாகத் தெரிந்திருக்கும். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "இப்புடியா நான் சிரிக்கிறேன்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மூக்கு எங்க அண்ணன் மூக்கு," என்றாள். தோல் கழலவில்லை.

காய்ந்த பிறகு எங்கள் ஊர்த் தண்ணீர் தன் குணத்தைக் காட்டியது. சுண்ணாம்பு. முகம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீரில் கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்து மறுபடி கழுவினேன். இரண்டு நாள் அறையெல்லாம் ஊறுகாய் வாசம். அதற்கும் தப்பித்த முகம்தான் அது. துணியில் ஒட்டிச் சட்டம் அடித்தோம். அவ்வளவு பெரிய கண்ணாடி கிடைக்காததால் கண்ணாடி போடவில்லை.

அவள் பெரம்பலூர் வர மறுத்துவிட்டாள். "நான் நின்னா அண்ணன் திரும்பிப் போயிடுவாரு. படம் மட்டும் போவட்டும்," என்றாள்.

கொட்டகை வாசலுக்கு நேர் எதிரே மாட்டினேன். முதல் நாளே கூட்டம். எருமையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குனியாமலே பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "நல்ல லெச்சணமான மொகம். எத்தன நாளாச்சுங்க?" என்றார்.

"எது?"

"தவறிப்போயி."

"உசுரோட இருக்காய்யா. இப்ப வூட்டுல ஒலை வச்சுக்கிட்டிருப்பா," என்றேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அதே கேள்வியைப் பலபேர் கேட்டார்கள். எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பெரிய படம் என்றால் காரியத்துக்குத்தான் என்று வருஷக்கணக்காகச் சட்டம் போட்டுக் கொடுத்தவன் நானே. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிடப் போனவன், அப்படியே விதைக் கொட்டகைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன். சட்டத்தில் ஒரு செவ்வந்தி மாலை தொங்கியது. நெற்றியில், காகிதத்தின் மேலேயே, குங்குமம். "எவன்டா இந்த வேலையப் பண்ணினது?" என்று கத்தினேன். காவலுக்கு இருந்தவர் ஓடி வந்தார்.

"வேப்பந்தட்டை ஆளுங்க. நெட்டையா, கடுக்கன் போட்டிருந்தாரு. ரொம்ப நேரம் நின்னாரு. படத்துல யாருன்னாரு. எடுத்தவரு சம்சாரம்னேன். எப்பத் தவறிச்சுன்னாரு. எனக்கென்னங்க தெரியும்? 'எனக்குச் சொல்லி அனுப்பலையே, எனக்குக்கூடச் சொல்லி அனுப்பலையே'ன்னு துண்ட வாயில பொத்திக்கிட்டு அழுதாரு. மாலையப் போட்டுட்டு வண்டியக் கட்டிக்கிட்டு ஓடினாரு."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். நாங்கள் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் செத்தவளுக்குத் துக்கம் கேட்க வருகிறவர் முன்னால் அவள் குத்துக்கல் மாதிரி நின்றால்? பொய்ச் சாவு சொல்லி வரவழைத்தார்கள் என்று ஒரு எண்ணம் அவருக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான். இந்த ஜென்மத்துக்கும் ஒட்டாது.

அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் காலை கரி பஸ்ஸில் ஏறினேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் அது மூச்சு வாங்கி நின்றது. இறங்கிக் கரி போட்டுக் காற்று அடித்துக் கிளப்பினார்கள். இருபக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல்காடு. கானல் ஓடிய இடத்திலெல்லாம் அவள் முகம் தலைகீழாக நின்று சிரித்தது. வண்டித் தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எந்த வண்டியும் அகப்படவில்லை.

எங்கள் தெருவுக்குள் நான் நுழைந்தபோது மச்சான் வண்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாவு வீட்டுத் தெரு வந்ததும் ஆரம்பிப்பதுதான் வழக்கம். ஊருக்குப் போய் அவர் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்கள். நான் ஓடினேன். நான் போட்ட கத்தல் ஒப்பாரியில் அமுங்கிப்போயிற்று. யார் வீட்டில் சாவு என்று பார்க்க எல்லா வாசலிலும் ஆள் வந்தது. எங்கள் வாசலிலும் வந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள்தான் வந்து நின்றாள்.

மச்சான் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். கையில் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், அரக்குச் சேலை ஒன்று. சுமங்கலியாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போடுகிற கோடி அது. நிமிர்ந்தார். ஒப்பாரி பாதியில் நின்றது.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. அவளையே பார்த்தார். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று தொட்டியில் படம் எழுந்து வரும்போது நான் பார்த்த மாதிரியே பார்த்தார்.

அவள் தட்டைப் பார்த்தாள். "யாருக்குண்ணா கோடி?" என்றாள்.

"உனக்குத்தான் தாயி," என்றார்.

நான் இரண்டு வீடு தள்ளி மூச்சு வாங்க நின்றிருந்தேன். அவளுக்கு நடந்தது அத்தனையும் புரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. படியிறங்கிப் போய், தட்டிலிருந்த சேலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"இத்தனை பொங்கலுக்கும் சேத்து ஒரே ஒரு சீலைதானா?" என்றாள்.

அவர் அப்படியே தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.